ஒளிந்து விளையாடும் வெப்பம்!

சென்னை மெரினா கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிக்குப் பக்கத்தில், வட்டமாக வளைந்த முகப்புடன் ஒரு பழைய கட்டடம் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். 1897-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் அங்கே தங்கினார். 1963-ல் அவருடைய நூற்றாண்டு விழாவின்போது அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

ஆனால், அந்தக் கட்டடத்தின் முதல் பெயர் என்ன தெரியுமா? ஐஸ் ஹவுஸ்! இன்றும் சென்னைவாசிகள் அந்தப் பகுதியை 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

1842-ல் அது ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்கும் கிடங்காகக் கட்டப்பட்டது. அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது. மின்சாரமும் கிடையாது. ஐஸ் செய்யும் தொழிற்சாலையும் நம் ஊரில் கிடையாது. பிறகு ஐஸ் எங்கிருந்து வந்தது? இமயமலையிலிருந்தா? இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது!

'அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வருவதற்குள் உருகிவிடாதா?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால், இட்லி எப்படி வேகிறது, மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது, நீராவி பட்டால் ஏன் இவ்வளவு மோசமாகச் சுடுகிறது என்று பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஐஸ் ராஜா

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகளும் குளங்களும் கல் மாதிரி உறைந்துவிடும். அந்த ஐஸை வெட்டி எடுத்து வெப்பமான நாடுகளுக்கு விற்கலாமே என்று அவருக்கு ஒரு யோசனை. 1806-ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. முதலில் நஷ்டம்தான். ஆனாலும் அவர் விடவில்லை. பின்னாளில் 'ஐஸ் ராஜா' என்று பெயர் வாங்கும் அளவுக்கு முன்னேறினார்.

1833-ம் ஆண்டு மே மாதம், பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் சுமார் 180 டன் ஐஸ் இருந்தது. அப்போது சூயஸ் கால்வாய் வெட்டப்படவில்லை. எனவே ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். நான்கு மாதப் பயணம்! செப்டம்பரில் கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் ஐஸ் மிச்சம் இருந்தது. பாதிக்கு மேல் உருகவே இல்லை!

நாம் வாங்கும் குச்சி ஐஸ் வீட்டுக்கு வருவதற்குள் ஒழுகிவிடுகிறது. அந்த ஐஸ் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது?

ஒரே பொருள், மூன்று வேடம்

பொருள்களுக்கு மூன்று நிலைகள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். திண்மம், நீர்மம், வாயு. ஐஸ் திண்மம். தண்ணீர் நீர்மம். நீராவி வாயு. மூன்றும் ஒரே பொருள்தான். வேடம்தான் வேறு.

எல்லாப் பொருளும் மூலக்கூறுகள் அல்லது அணுக்கள் என்ற மிக மிகச் சிறிய துகள்களால் ஆனது. அவை ஒரு நொடி கூடச் சும்மா இருப்பதில்லை. ஆடிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளாட்டம் எவ்வளவு வேகமோ, அவ்வளவு வெப்பநிலை. சூடான பொருள் என்றால் அதன் துகள்கள் வேகமாக ஆடுகின்றன என்று அர்த்தம்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கை அசைகிறது, தலை அசைகிறது. ஆனால் யாரும் இடம் மாறுவதில்லை. இது திண்மம். சாப்பிட்டு எழுந்ததும் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நகர்கிறார்கள். நெருக்கம் இருக்கிறது, வரிசை இல்லை. இது நீர்மம். கடைசியில் வாசலைத் தாண்டி ஆளுக்கொரு திசையில் கலைந்து போகிறார்கள். இது வாயு.

பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவது சுலபமா? கொஞ்சம் சிரமப்பட வேண்டும் இல்லையா? துகள்களும் அப்படித்தான். அவை ஒன்றையொன்று பிடித்திழுத்துக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கச் சக்தி தேவை. அந்தச் சக்திதான் வெப்பம்.

எந்தப் பொருள் எந்த வெப்பநிலையில் வேடம் மாறும் என்பது அதனதன் பிடியின் பலத்தைப் பொறுத்தது. ஐஸ் 0 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். இரும்புக்கு 1,538 டிகிரி. பாதரசமோ மைனஸ் 39 டிகிரி வரை குளிர்ந்தால்தான் உறையும். தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 24 டிகிரி போதும். அதனால்தான் மார்கழிக் காலையில் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வருவதில்லை!

ஜோசப் பிளாக்கின் இரண்டு குடுவைகள்

'வெப்பம் கொடுத்தால் வெப்பநிலை உயரும். 0 டிகிரியைத் தொட்டவுடன் ஐஸ் மொத்தமும் கடகடவென்று உருகிவிடும்.' ஒரு காலத்தில் எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள்.

ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'அப்படியானால் வசந்த காலம் பிறந்து, வெயில் அடித்த உடனே மலைப்பனி முழுவதும் ஒரே நாளில் உருகி, ஊரையே வெள்ளத்தில் மூழ்கடிக்க வேண்டுமே? ஏன் வாரக்கணக்கில் மெதுவாக உருகுகிறது?'

1760-களின் தொடக்கத்தில் அவர் ஒரு சோதனை செய்தார். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் ஒரே எடை தண்ணீர். ஒன்றை உறைய வைத்து ஐஸ் ஆக்கினார். மற்றொன்றை உறையும் நிலைக்குக் கொஞ்சம் மேலே வரை குளிர வைத்தார். இரண்டையும் ஒரே பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். கூடத்தின் வெப்பநிலை சுமார் 8 டிகிரி.

தண்ணீர் அரை மணி நேரத்தில் சுமார் 4 டிகிரிக்கு வந்துவிட்டது. ஐஸ் இருந்த குடுவை அதே அளவுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது? பத்தரை மணி நேரம்! அதாவது 21 மடங்கு. கூடத்திலிருந்து இரண்டுக்கும் வெப்பம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஐஸும் அதை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தெர்மாமீட்டர் அதைக் காட்டவே இல்லை! வெப்பம் உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

அந்த வெப்பம் எங்கே போனது? பந்தியில் இருந்தவர்களை எழுப்பப் போய்விட்டது! துகள்களின் பிடியை விடுவிப்பதிலேயே செலவாகிவிட்டது. துள்ளாட்டத்தை வேகமாக்க மிச்சமே இல்லை. அதனால்தான் வெப்பநிலை உயரவில்லை. இப்படி ஒளிந்துகொள்ளும் வெப்பத்துக்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர்.

ஒரு சின்னக் கணக்கு

1 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் 1 கலோரி. இதை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

1 கிராம் ஐஸ், 0 டிகிரியிலேயே இருந்து தண்ணீராக மாற 80 கலோரி வேண்டும்.

அந்தத் தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக 100 கலோரி வேண்டும்.

100 டிகிரித் தண்ணீர் 100 டிகிரி நீராவியாக மாற சுமார் 540 கலோரி வேண்டும்!

ஓர் அடுப்பு ஒரே சீராக எரிகிறது, வெப்பம் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்து ஐஸ் முழுவதும் உருக 4 நிமிடம் ஆனால், அந்தத் தண்ணீர் கொதிநிலைக்கு வர 5 நிமிடம் ஆகும். முழுவதும் ஆவியாகிப் பாத்திரம் காலியாக 27 நிமிடம் ஆகும். மொத்தம் 36 நிமிடம். அதில் தெர்மாமீட்டர் ஏறுவது நடுவில் உள்ள 5 நிமிடம் மட்டும்தான். மற்ற 31 நிமிடமும் வெப்பம் ஒளிந்து விளையாடுகிறது!

இப்போது கப்பல் ரகசியம் புரிகிறதா? 1 கிலோ ஐஸை உருக்குவதற்கு ஆகும் வெப்பம், 1 கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதும். அவ்வளவு வெப்பமும் உள்ளே போனால்தான் அந்த ஒரு கிலோ உருகும். அந்த வெப்பம் எளிதில் உள்ளே போகாமல் தடுக்க, டியூடர் ஐஸ் கட்டிகளை நெருக்கமாக அடுக்கிச் சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார். மரத்தூளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. மொத்தக் குவியலும் பெரிது. வெளிக்காற்றுப் படும் பரப்போ அதற்கு ஏற்ற அளவில் குறைவு. குச்சி ஐஸுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை, பாவம்!

இட்லிப் பானைக்குள் என்ன நடக்கிறது?

ஒளிந்த வெப்பம் ஒளிந்தே இருந்துவிடுமா? இருக்காது. வேடத்தைக் கலைத்தால் வெளியே வந்துவிடும். நீராவி மீண்டும் தண்ணீராகும்போது, வாங்கிய 540 கலோரியையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்.

இட்லி வேகுவது இதனால்தான். பானையின் அடியில் தண்ணீர் கொதிக்கிறது. நீராவி மேலே எழுந்து, குளிர்ந்த மாவில் படுகிறது. பட்டதும் தண்ணீராகிறது. அப்போது ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. தண்ணீரில் முக்காமலேயே இட்லி வெந்துவிடுகிறது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்யும் வேலையில் இருந்த ஜேம்ஸ் வாட் இதைக் கண்டு வியந்தார். கொஞ்சம் நீராவியைக் கொண்டு, அதைப் போல ஆறு மடங்கு எடையுள்ள குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர முடிந்தது! ஏன் என்று தெரியாமல் பிளாக்கிடம் கேட்டார். பிளாக் உள்ளுறை வெப்பத்தைப் பற்றி விளக்கினார். பிறகு 1765-ல் வாட் நீராவி எஞ்சினை மேம்படுத்தும் வழியைக் கண்டுபிடித்து, 1769-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

கவனம், கவனம்!

இப்போது சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். 1 கிராம் கொதிநீர் நம் தோலில் பட்டு உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது சுமார் 63 கலோரி வெப்பத்தைக் கொடுக்கும். அதே 1 கிராம் நீராவி பட்டால்? முதலில் 540, பிறகு 63. மொத்தம் சுமார் 600 கலோரி! ஏறக்குறைய பத்து மடங்கு. இரண்டும் 100 டிகிரிதான். ஆனாலும் நீராவிதான் பெரிய ஆபத்து.

இன்னொரு விஷயம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் 'ஆவி' என்று சொல்லும் வெள்ளைப் புகை, உண்மையில் மிகச் சிறிய நீர்த்துளிகள். கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள். மூக்குக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றுமில்லாத மாதிரி கொஞ்சம் இடைவெளி தெரியும். அங்கேதான் உண்மையான நீராவி இருக்கிறது! 'ஒன்றும் இல்லையே' என்று கையை நீட்டிவிடாதீர்கள்.

இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் அப்பக்க ஓரத்தை முதலில் தூக்க வேண்டும். ஆவி உங்கள் முகத்துக்கு வராமல் எதிர்ப்பக்கம் போய்விடும். குக்கரில் ஆவி முழுவதும் அடங்கும் வரை மூடியைத் தொடக்கூடாது. சிறு பிள்ளைகள் இந்த வேலைகளைப் பெரியவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

தப்பித்தவறிச் சுட்டுக்கொண்டால் என்ன செய்வது? உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பேனா மை, பற்பசை, தோசை மாவு எதையும் தடவக்கூடாது. ஐஸையும் நேரடியாக வைக்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது. பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லி டாக்டரிடம் போங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு.

குளிர வைக்கும் வெப்பம்

கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்பதில்லை. கொடியில் காயும் துணியிலிருந்து சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிறதே! அப்போதும் உள்ளுறை வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்தில் இருக்கும் பொருளிடமிருந்து எடுத்துக்கொள்ளும். கொடுத்த பொருள் குளிர்ந்துவிடும்.

மண்பானையின் நுண்ணிய துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகிறது. அதற்கான வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளே உள்ள நீரிடமிருந்தும் எடுக்கிறது. தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. காற்று வறண்டிருந்தால் வேகமாக ஆவியாகும். அதனால் வேலூர்ப் பானை நீர் நன்றாகக் குளிரும். கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். எனவே அங்கே அந்த அளவுக்குக் குளிராது.

நம் உடம்பும் ஒரு மண்பானைதான்! 1 கிராம் வேர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. வேர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். வெயில் காலத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது ஏன் என்று புரிகிறதா? வேர்ப்பதற்குத் தண்ணீர் இல்லாவிட்டால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும். அது உயிருக்கே ஆபத்து.

சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் நீர்மம். அழுத்தத்தால் வாயுவை நீர்மமாக்கி அடைத்திருக்கிறார்கள். அடுப்பை நீண்ட நேரம் எரியவிட்டால், சிலிண்டரின் வெளிப்புறம் சில்லென்று ஆகும். உள்ளே நீர்மம் வாயுவாக மாறும்போது சிலிண்டரின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதே காரணம்.

ஊட்டியில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகாது?

காற்றின் அழுத்தமும் இந்த விளையாட்டில் ஓர் ஆட்டக்காரர். காற்று மேலிருந்து அழுத்தினால் துகள்கள் தப்பிப்பது கடினம். அழுத்தம் குறைந்தால் சுலபம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் தண்ணீரின் சூடே குறைவு என்பதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் ஆகும்.

இதற்கு நேர் எதிர், பிரஷர் குக்கர். ஆவியை வெளியே விடாமல் அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயரும். பருப்பு சீக்கிரம் குழைந்துவிடும். இந்தத் தத்துவத்தில் முதல் பாத்திரத்தைச் செய்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1679!

நடுவில் ஒரு படி தாண்டல்

சில பொருள்கள் நீர்மமாகாமல் நேராக வாயுவாகிவிடும். இதற்குப் 'பதங்கமாதல்' என்று பெயர். பூஜை அறையில் கற்பூரத்தைத் திறந்து வைத்தால் நாளாக நாளாகச் சிறுத்துப்போகும். ஆனால் தட்டில் ஈரமே இருக்காது. மேடையில் புகைமூட்டம் வரவைக்கும் 'உலர் பனிக்கட்டி'யும் இப்படித்தான். அது உறைந்த கரியமில வாயு. வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொட்டால் தோல் பாழாகிவிடும். மூடிய பாட்டிலில் போட்டால் பாட்டில் வெடித்துவிடும்.

செய்து பாருங்கள்!

ஒரே அளவுள்ள மூன்று ஐஸ் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். முதல் துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதைப் பழைய செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றி வையுங்கள். மூன்றாவதை மரத்தூள் அல்லது நெல் உமிக்குள் நன்றாகப் புதைத்து வையுங்கள். எது எத்தனை நிமிடத்தில் உருகுகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டியூடரின் தந்திரம் உங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, யோசிக்க ஒரு கேள்வி. ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் பூக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அது பூக்கும்போது டம்ளருக்கு வெப்பம் கிடைக்கிறதா, டம்ளரிடமிருந்து வெப்பம் போகிறதா? இட்லிப் பானையை ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டு, விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!